லேண்டிங் வராத பைலட்

டூ வீலர் லைசென்ஸுக்கு எட்டு போட்டவங்க எத்தனை பேர் இதைப் படிக்கிறீங்க? நான் மூணு தடவை போட்டேன். முதல் தடவை கால் ஊனிட்டேன். ரெண்டாவது தடவை பாதி எட்டுல வண்டி ஆஃப் ஆயிடுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியிலேயே, நமக்கு வண்டியெல்லாம் வராதுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். அப்பா எதுவும் சொல்லல. டீக்கடையில நிறுத்தி ரெண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்துட்டு, அடுத்த தேதி எப்பன்னு மட்டும் கேட்டார். மூணாவது தடவை பாஸ்.

இந்த இதழுக்கு யாரோட வாழ்க்கையை எழுதலாம்னு தேடினப்போ ஏமி ஜான்சன்கிட்ட வந்து நின்னதுக்கு இதுதான் காரணம். 1930-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிப் போன முதல் பெண். நம்ம ஜி.கே. புக்ல இந்த ஒரு வரிதான் இருக்கும். அந்த வரிக்குப் பின்னாடி இருக்கிற விஷயம் என்னன்னா, அவங்களுக்கு லேண்டிங் சரியாக வராது. பழகும்போதும் வரல, உலகமே பேசின அந்தப் பயணத்திலும் ஒழுங்காக வரல. அப்புறம் எப்படிப் போய்ச் சேர்ந்தாங்க? அதைத்தான் சொல்லப் போறேன்.

மீன் கடைக்காரர் மகள்

ஏமி பிறந்தது 1903 ஜூலை 1-ஆம் தேதி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிற ஹல் என்ற துறைமுக ஊரில். அப்பாவுக்கு மீன் வியாபாரம். சின்னக் கடை இல்லை, நல்ல வசதியான குடும்ப வியாபாரம். நாலு பெண் பிள்ளைகளில் ஏமிதான் மூத்தவர். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார். என்ன பாடம் தெரியுமா? எகனாமிக்ஸ். இன்ஜினியரிங் பக்கமே போகல.

படிப்பு முடிந்ததும் லண்டனுக்குப் போய் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். பல வருஷமாகக் காதலித்த ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் 1928-ல் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த வருஷமே ஏமி விமானம் ஓட்டக் கத்துக்கப் போனார். அந்தக் காயம்தான் அவரை அங்கே துரத்தியது என்று பலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் மனசு உடைந்த எல்லாரும் ஏரோட்ரோமுக்குப் போறதில்லையே.

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஸ்டாக் லேன் என்று ஒரு விமானத் திடல். டி ஹாவிலாண்ட் கம்பெனி அங்கேதான் 'மோத்' விமானங்களைக் கட்டியது. அதே திடலில் லண்டன் ஏரோப்ளேன் கிளப்பும் இருந்தது. சம்பளக்காரர்களும் பறக்கப் பழகலாம் என்று அரசு உதவியோடு நடந்த கிளப். 1928 செப்டம்பரில் ஏமிக்கு முதல் பாடம். முன் இருக்கையில் வாத்தியார், பின் இருக்கையில் ஏமி. நடுவில் பேசுறதுக்கு ஒரு ரப்பர் குழாய், அதன் முனை தலைக்கவசத்தில் இருக்கும். ஏமிக்குக் கிடைத்த கவசம் தலையை விடப் பெரிசு. அதனால வாத்தியார் சொன்ன பாதி விஷயம் காதில் விழவே இல்லை. தரைக்கு வந்ததும், இந்தப் பொண்ணுக்குப் பறக்கிற திறமை கிடையாது என்கிற மாதிரி வாத்தியார் சொல்லிவிட்டார். முதல் நாள், முதல் பாடம். மேட்டர் ஓவர்.

தரை எங்கே இருக்கு?

இந்த இடத்தில் கொஞ்சம் மெக்கானிக்ஸ் பேசிக்கலாம், ப்ளீஸ். கட்டுரையை மூடிடாதீங்க.

மோத் ஒரு சின்ன விமானம். ரெண்டடுக்கு இறக்கை, மரச்சட்டம், மேலே துணி. முன்னால் ரெண்டு சக்கரம், வால் பக்கம் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக் கட்டை. பிரேக் கிடையாது. தரையில் இறங்கின பிறகு வால்கட்டை புல்லில் உரசி உரசித்தான் வேகம் குறையணும்.

இறங்கும்போது பைலட் என்ன செய்யணும்னா, தரைக்குச் சில அடி மேலே வந்ததும் மூக்கை மெதுவாகத் தூக்கணும். வேகம் குறையும், கூடவே இறக்கை தரும் தூக்குவிசையும் குறையும். தூக்குவிசை தீர்ந்துபோகிற அந்த நொடியில் சக்கரம் புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கணும். ரெண்டு சக்கரமும் வால்கட்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் அதுதான் நல்ல லேண்டிங். மூக்கைச் சீக்கிரமே தூக்கிட்டால் விமானம் பத்தடி உயரத்தில் நின்று, கல் மாதிரி கீழே விழும். லேட்டாகத் தூக்கினால் சக்கரம் வேகமாக மோதி, பந்து மாதிரி எகிறும். எகிறின பிறகு பதற்றத்தில் செய்யிற ரெண்டாவது தப்புதான் பெரும்பாலும் விமானத்தை உடைக்கும்.

நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஃபார்முலாதான்: இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கீழே இறங்குகிற வேகம் ரெண்டு மடங்கானால் சக்கரத் தாங்கிகள் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. மூணு மடங்கானால் ஒன்பது. அதனால கண் கொஞ்சம் ஏமாந்தாலும் அடி பலமாக விழும். உயரம் காட்டுகிற கருவி இந்தக் கடைசிச் சில அடிக்கு உதவாது. தரை எங்கே இருக்குன்னு கண்ணாலதான் கணக்குப் போடணும். இதை யாராலும் போர்டில் எழுதிச் சொல்லித்தர முடியாது. விழுந்து விழுந்துதான் கண் பழகும்.

ஏமிக்கு அந்தக் கண் சீக்கிரம் பழகவில்லை. குளிர்காலம், மழை, மூடுபனி என்று பல வாரம் பாடமே நடக்காது. கிளப்பில் எத்தனையோ பேர் வந்து, அவரை விடக் குறைவான பாடத்தில் தனியாகப் பறந்து போயிட்டாங்க. ஏமி தனியாக ஏறியது 1929 ஜூன் 9-ஆம் தேதி. அதற்குள் வாத்தியாரோடு பறந்தது 15 மணி 45 நிமிடம். அன்றைய கணக்குக்கு இது ரொம்ப அதிகம். நடுவில் வேறொரு வாத்தியாரும் மாறியிருந்தார். ஜூலையில் பைலட் உரிமம் கைக்கு வந்தது. அதே 1929-ல் தங்கை ஐரீன் தற்கொலை செய்துகொண்டார். அந்த வருஷத்தை ஏமி எப்படிக் கடந்தார்னு நினைச்சுப் பார்த்தாலே கஷ்டமா இருக்கு.

ஹேங்கரில் ஜானி

இப்பதான் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. பைலட் உரிமம் வந்ததும் பலர் வார இறுதியில் ஜாலியாகப் பறந்துகொண்டிருந்தார்கள். ஏமி ஹேங்கருக்குள் போனார். அங்கே தலைமை மெக்கானிக் ஜாக் ஹம்ஃப்ரீஸ். ஹேங்கர் ஆம்பளைங்க இடம். ஒரு பெண் உள்ளே வந்து எஞ்சினைத் தொடுவது அங்கே யாரும் பார்த்திராத விஷயம். முதலில் பெருக்குறது, துடைக்கிறது மாதிரி வேலைதான் கொடுத்தார்கள். ஏமி முகம் சுளிக்காமல் செய்தார். காலையில் ஆபீஸுக்கு முன்னாடி வந்து கையெல்லாம் கிரீஸாக்கிக்கொண்டு, கழுவிவிட்டு, வக்கீல் ஆபீஸுக்கு டைப் அடிக்கப் போவார். கொஞ்ச நாளில் மெக்கானிக்குகள் அவருக்கு 'ஜானி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு ஆபீஸ் வேலையையே விட்டுட்டு முழு நேரமும் ஹேங்கரில் இருந்தார். அதுக்கு அப்பா காசு அனுப்பினார் என்பதையும் சொல்லணும். எல்லார் வீட்டிலும் அது நடக்காது.

எஞ்சினைக் கழற்றுவது, வால்வு தேய்ப்பது, மேக்னெட்டோவைச் சரிபார்ப்பது என்று எல்லாம் கையால் கத்துக்கிட்டார். 1929 டிசம்பரில் தரைப் பொறியாளருக்கான 'சி' உரிமம் வாங்கினார். ஒரு எஞ்சின் பறக்கத் தகுதியா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அது. பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் ஏமிதான்.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம லேப் ஞாபகம் வந்துச்சு. நான் மெக்கானிக்கல். எங்க கிளாஸ்ல அறுபது பேர்ல நாங்க ஆறு பொண்ணுங்க. செகண்ட் இயர்ல எஞ்சின் லேப்ல ஸ்பானரை எடுத்தா, பக்கத்துல இருக்கிற பையன் ரொம்ப நல்ல மனசோட அதை வாங்கிக்குவான். கை அழுக்காயிடும், நீ ரீடிங் எழுதுன்னு சொல்லுவான். எனக்கும் கையெழுத்து நல்லா இருக்கும். அப்படியே எழுதி எழுதி, மூணு வருஷத்துல நான் எழுதின ரீடிங்குக்குக் கணக்கே இல்ல. கழட்டின நட்டுகளை விரல் விட்டு எண்ணிடலாம். அவன் மேல கோபம் இல்ல. ஸ்பானரை நானும்தானே கொடுத்தேன்.

ஜேசன்

ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்தவர் அதுவரை இருந்தது ஆண்கள்தான். 1928-ல் பெர்ட் ஹிங்க்லர் பதினைந்தரை நாளில் போயிருந்தார். ஏமி அதை முறியடிக்கணும் என்று கிளம்பினார். கையில் காசு இல்லை. பலரிடம் கடிதம் போட்டுக் கேட்டார். கடைசியில் எண்ணெய் வியாபாரி லார்ட் வேக்ஃபீல்ட் பாதி, அப்பா பாதி என்று 600 பவுண்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸி மோத் வாங்கினார்கள். பதிவெண் ஜி-ஏஏஏஹெச். அப்பாவின் மீன் வியாபாரத்தின் வணிகப் பெயரையே விமானத்துக்கும் வைத்தார்: ஜேசன்.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. கிளம்பும்போது ஏமியின் மொத்தப் பறப்பு அனுபவம் 100 மணி நேரத்தைத் தொடவில்லை. கடல் தாண்டிப் பறந்ததே இல்லை. தனியாகப் போன நீண்ட பயணம் என்றால் லண்டனிலிருந்து ஹல்லில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போனதுதான். ரேடியோ கிடையாது. வரைபடம், திசைகாட்டி, விமானத்தின் பக்கவாட்டில் கட்டி வைத்த ஒரு உபரி ப்ரொபெல்லர், ஒரு டூல் கிட். அவ்வளவுதான்.

1930 மே 5-ஆம் தேதி காலை குராய்டனில் கிளம்பினார். எக்ஸ்ட்ரா பெட்ரோல் டேங்குகளின் எடையில் முதல் முயற்சியில் விமானம் எழும்பவே இல்லை. திருப்பிக் கொண்டுவந்து ரெண்டாவது தடவை ஓடவிட்டு எழும்பினார். வழியனுப்ப வந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்.

உடைவதும் ஒட்டுவதும்

வியன்னா, கான்ஸ்டான்டினோபிள், அலெப்போ என்று ஒரு நாளைக்கு ஒரு ஊர். ஒவ்வொரு நாள் ராத்திரியும் இறங்கின பிறகு அவரே எஞ்சினுக்குச் சர்வீஸ் செய்வார். சில மணி நேரம்தான் தூக்கம். பாக்தாத் போகும் வழியில் மணற்புயல். கண் தெரியாமல் பாலைவனத்தில் இறங்கி, காற்றில் விமானம் உருண்டு போகாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னால் பெட்டிகளை வைத்துவிட்டு, வாலின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார். புயல் அடங்கியதும் மறுபடி கிளப்பி பாக்தாதில் இறங்கும்போது சக்கரத் தாங்கி உடைந்தது. அங்கே புதுசு செய்து போட்டார்கள். அடுத்த நாள் பந்தர் அப்பாஸில் இறங்கும்போது அதே பகுதியில் மறுபடி சேதம். ராத்திரியோடு ராத்திரியாகச் சரி செய்தார்கள்.

இவ்வளவு நடந்தும் மே 10-ஆம் தேதி கராச்சிக்கு வந்துவிட்டார். ஆறாவது நாள். ஹிங்க்லரை விட ரெண்டு நாள் முன்னாடி! அதுவரை யாரும் கண்டுக்காத பத்திரிகைகள் அன்னிக்குத்தான் முழிச்சுக்கிட்டன. ஒரே ராத்திரியில் ஏமி உலகச் செய்தி ஆகிவிட்டார்.

அடுத்த நாள் அலகாபாத் போகணும். எதிர்காற்றில் பெட்ரோல் பத்தவில்லை. கீழே ஜான்சி. ராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். பிரேக் இல்லாத விமானம், நீளம் பத்தாத திடல். விமானம் கட்டடங்களுக்கு நடுவில் ஓடிப்போய் நின்றது. இறக்கையின் முன்விளிம்பு உடைந்தது. அங்கிருந்த ஒரு தச்சர் ராத்திரி உட்கார்ந்து அதைச் சரி செய்து கொடுத்தார். மறுநாள் அலகாபாத், கல்கத்தா.

மே 13. ரங்கூன். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரேஸ் கோர்ஸில் இறங்கணும் என்பது திட்டம். மேகத்துக்கும் மழைக்கும் நடுவில் ரேஸ் கோர்ஸ் தெரியவில்லை. சில மைல் வடக்கே இன்சைனில் ஒரு பச்சைத் திடல் தெரிந்தது. அதுதான் என்று நினைத்து இறங்கிவிட்டார். அது ஒரு விளையாட்டு மைதானம். ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டே போய், மைதானத்தின் ஓரத்தில் இருந்த பள்ளத்தில் விழுந்தது ஜேசன். ப்ரொபெல்லர் உடைந்தது. சக்கரத் தாங்கி உடைந்தது. டயர் கிழிந்தது. கீழ் இறக்கை நொறுங்கியது. ஏமிக்கு அடி இல்லை. ஆனால் உட்கார்ந்து அழுதார். ரெக்கார்டு அந்தப் பள்ளத்திலேயே போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

அந்த மைதானம் யாருடையது தெரியுமா? இன்சைன் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியோடது. அதாவது, ஒரு இன்ஜினியரிங் காலேஜ் கிரவுண்ட்ல வந்து விழுந்தாங்க!

இப்ப நம்ம காலேஜ் கிரவுண்ட்ல அப்படி ஒரு விமானம் வந்து விழுந்தா என்ன செய்வோம்? முதல்ல ஸ்டோரி போடுவோம். அங்கே வாத்தியார்களும் பசங்களும் வொர்க்‌ஷாப்பைத் திறந்துவிட்டார்கள். உடைந்த இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து, அதே மாதிரி செய்து கொடுத்தார்கள். இறக்கையின் உள்ளே இருக்கும் மரச்சட்டங்களை வனத்துறையைச் சேர்ந்த ஒருவர் முன்நின்று கட்டினார். ப்ரொபெல்லர் பிரச்சினை இல்லை, பக்கத்தில் கட்டியிருந்த உபரி இருந்தது.

துணிதான் பிரச்சினை. விமானத்துக்கான துணி அங்கே எங்கே கிடைக்கும்? கிடைத்தது, சட்டையாக! முதல் உலகப் போர் முடிந்த பிறகு மிச்சமான விமானத் துணி அந்தப் பகுதியில் விற்பனைக்கு வந்து, அதில் பலர் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து, மறுபடி இறக்கையாகத் தைத்தார்கள். துணியை விறைப்பாக இழுத்துப் பிடிக்க ஒரு பூச்சு பூசணும், அதற்கு டோப் என்று பெயர். ஏமி கொண்டுவந்த சொச்சத்தை மோந்து பார்த்து, ரங்கூனில் ஒரு மருந்துக்கடைக்காரர் அது மாதிரியே கலந்து கொடுத்தார். மூணு நாள். விமானத்தை ரேஸ் கோர்ஸ் வரை இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். மே 16-ஆம் தேதி ஜேசன் மறுபடி ஆகாயத்தில்.

அந்தப் பசங்களின் பெயர்களை ஏமியின் கதையைச் சொல்பவர்கள் சொல்வதில்லை. நான் அவங்களைப் பத்தித்தான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அவங்களுக்கும் இன்டர்னல் மார்க் இருந்திருக்கும், லேப் ரெக்கார்டு இருந்திருக்கும். சிலபஸ்ல விமானம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனா அவங்க செஞ்ச சக்கரத் தாங்கி மேல ஒருத்தர் உசுரை வெச்சுக் கடல் தாண்டினார். நம்மில் எத்தனை பேர் செஞ்ச பொருள் மேல அப்படி ஒருத்தர் நம்பி ஏறுவாங்க?

இன்னொண்ணும் கவனிங்க. அந்த மூணு நாளும் ஏமி ஓரமாகக் குடை பிடிச்சு நிக்கல. எது எங்கே பொருந்தணும், எந்த போல்ட் எவ்வளவு இறுகணும், எஞ்சின் சத்தம் சரியா இல்லையா என்று பார்த்துச் சொல்ல அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், ஏமி. ஸ்டாக் லேன் ஹேங்கரில் பெருக்கினது வீண் போகல.

டார்வின்

அப்புறம் பாங்காக், சிங்கப்பூர். ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கினப்போ, நிலத்தில் அடையாளத்துக்கு நட்டிருந்த மூங்கில் குச்சிகள் இறக்கைத் துணியைக் குத்திக் கிழித்தன. நம்ம வீட்ல விரல் வெட்டினா ஒட்டுவோமே, அந்த மாதிரி மருத்துவ பிளாஸ்டரைப் போட்டு ஒட்டிக்கொண்டு கிளம்பினார். தீமோரில் சரியான திடலைத் தவறவிட்டு ஒரு கிராமத்துப் பக்கம் இறங்கினார். ஒரு ராத்திரி முழுக்க ஏமி எங்கே என்று உலகத்துக்குத் தெரியவில்லை.

கடைசிக் கட்டம் தீமோர் கடல். சுமார் 500 மைல், கீழே தண்ணீர் மட்டும், ஒரே எஞ்சின். அந்த எஞ்சினை ஒவ்வொரு ராத்திரியும் பார்த்தவர் அவரே என்பதுதான் ஒரே ஆறுதல். மே 24-ஆம் தேதி டார்வினில் இறங்கினார். பத்தொன்பதரை நாள், 11,000 மைல். ஹிங்க்லரின் ரெக்கார்டு உடையவில்லை. ஆனால் அந்த வழியில் தனியாக வந்த முதல் பெண் அவர்.

கதை இங்கே முடிஞ்சா சினிமா மாதிரி இருக்கும். முடியல. அஞ்சு நாள் கழிச்சு பிரிஸ்பேனில், பல ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, வேகத்தைச் சரியாகக் கணிக்காமல் திடலைத் தாண்டிப் போய், வேலியில் மோதி ஜேசன் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஏமி பெரிய காயம் இல்லாமல் வெளியே வந்தார். அந்த நாளும் லேண்டிங்தான்.

அவரை ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு தனியாகப் பறந்து வந்துவிட்டாள் என்றுதான் பத்திரிகைகள் கொண்டாடின. பாட்டு எழுதினார்கள். அரசு சி.பி.இ. பட்டம் கொடுத்தது. ஒரு பத்திரிகை 10,000 பவுண்டு கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப் போனது. அந்தக் கூட்டமும் பேச்சும் தாங்காமல் உடம்பு முடியாமல் போய்ப் பாதியில் நின்றது. 'சி' உரிமம் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால் ஏமி அதை மறக்கவில்லை. 1931-ல் டோக்கியோவுக்குப் பறந்தபோது கூட அழைத்துப் போனது யாரை? பெருக்கச் சொல்லி வேலையை ஆரம்பித்து வைத்த அதே ஹேங்கரின் ஜாக் ஹம்ஃப்ரீஸை. 1930-களின் நடுவில் பெண் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

1932-ல் ஜிம் மோலிசன் என்ற பைலட்டைக் கல்யாணம் செய்தார். அதே வருஷம் லண்டன்-கேப் டவுன் பயணத்தில் ரெக்கார்டு. 1933-ல் ரெண்டு பேரும் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க்கைத் தொடும் தூரத்தில், பெட்ரோல் தீர்ந்து பிரிட்ஜ்போர்ட்டில் விழுந்தார்கள். 1938-ல் விவாகரத்து.

கடைசிப் பறப்பு

ரெண்டாம் உலகப் போர் வந்தது. 1940-ல் ஏ.டி.ஏ. என்ற விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். ஃபேக்டரியிலிருந்தும் தளங்களிலிருந்தும் விமானங்களை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. உலகப் புகழ் பெற்றவர் அங்கே பத்தோடு பதினொன்றாக விமானம் ஓட்டினார்.

1941 ஜனவரி 5. பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் கிட்லிங்டனுக்கு ஓர் ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்ட் விமானம். சாதாரணமாக ஒரு மணி நேர வழி. கடுங்குளிர், கீழே முழுக்க மேகம். முற்பகலில் கிளம்பியவர் பிற்பகல் மூன்றரை மணி சுமாருக்கு, பாதையை விட்டு வெகுதூரம் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பாராசூட்டில் இறங்கினார். பக்கத்தில் இருந்த ஹேஸில்மியர் என்ற கப்பல்காரர்கள் பார்த்தார்கள். காப்பாற்ற அதன் தளபதி வால்ட்டர் ஃப்ளெச்சர் உறைய வைக்கும் தண்ணீரில் குதித்தார். குளிரில் அவரும் இறந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயசு 37.

அந்த நாலு மணி நேரம் மேகத்துக்கு மேலே அவர் தேடினது இறங்க ஒரு ஓட்டையைத்தான். இதுக்கு மேல இதைப் பத்தி எனக்கு எழுதத் தெரியல.

ஜேசன் மட்டும் இருக்கு. லண்டன் சயின்ஸ் மியூசியத்துல தொங்குது. பச்சைக் கலர், ரொம்பச் சின்ன விமானம். போட்டோவைப் பெரிசாக்கிப் பாருங்க.

நமக்கு

முயற்சி திருவினையாக்கும்னு முடிச்சா ஈசி. ஆனா ஏமியோட கதை எனக்கு அதைச் சொல்லல. அவ்வளவு முயற்சி பண்ணியும் லேண்டிங் அவருக்கு முழுசாகக் கைவரவே இல்லை. முதல் வாத்தியார் பார்த்த குறை உண்மையான குறைதான். அவர் தப்பாகச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: அந்தக் குறையோட பறக்க முடியாதுன்னு சொன்னது. ஏமி என்ன பண்ணார்னா, தான் எதை உடைப்போம்னு தெரிஞ்சுக்கிட்டு, அதை ஒட்டக் கத்துக்கிட்டார். பாக்கியை வழியில இருந்தவங்க பார்த்துக்கிட்டாங்க. ஜான்சி தச்சர், பந்தர் அப்பாஸ் ஆட்கள், இன்சைன் பசங்க. கூடவே அப்பா காசும் கொஞ்சம் அதிர்ஷ்டமும்.

எனக்கு இன்னும் கால்குலஸ் சரியா வராது. ஒரு அரியர் இருந்து, போன செமஸ்டர்லதான் க்ளியர் பண்ணேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல வழக்கம்போல ரிப்போர்ட் என் தலையில விழுந்துச்சு. இந்தக் கட்டுரைக்காகப் படிச்சு முடிச்ச வாரம், டீம்ல ஃபேப்ரிகேஷன் நான் பண்றேன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதி. அப்புறம் சரின்னாங்க. முதல் நாள் நான் போட்ட வெல்டிங் கேவலமா இருந்துச்சு. வொர்க்‌ஷாப் அண்ணா பார்த்துட்டுச் சிரிச்சார். கிரைண்டரை எடுத்துக் கையில கொடுத்து, தேய்ச்சுட்டு மறுபடி போடும்மான்னு சொன்னார். நாலாவது தடவை நின்னுச்சு. ரிப்போர்ட்டை இப்ப ஒரு பையன் எழுதிட்டு இருக்கான், அவனோட கையெழுத்தும் பரவாயில்ல.

ஜூனியர்ஸ், குறிப்பா பொண்ணுங்களா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. அடுத்த லேப்ல யாராவது நல்ல மனசோட உங்க கையில இருந்து ஸ்பானரை வாங்கினா, சிரிச்சுக்கிட்டே திரும்பக் கேளுங்க. கை அழுக்கானா சோப்பு இருக்கு.